ரத்தம் தானாக ஏறும் குழாய்

உத்தியோக அனுபவம் எழுதுகிறவர்களுக்கு நரைத்த தலையும் சாய்வு நாற்காலியும் இருக்க வேண்டும் என்கிறார் என் கணவர். என் தலை கறுப்பு. நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் நான் ஓய்வு பெற்றவள்தான். ஜாசினுக்கு அப்பால் உள்ள ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் ரப்பர்ப் பால் வாளி தூக்காமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நானே. போன தைமாதம் கல்யாணம் ஆகி, மலாக்கா டவுனை ஒட்டிய பாச்சாங்கில் குடியேறியதால் வேலையை விட்டேன். விட்ட வேலையைப் பற்றி எழுத வயது வரம்பு ஏதும் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை.

எழுதத் தூண்டியவள் ராசம்மா. என் இடத்துக்கு இப்போது வந்திருக்கும் பெண். சென்ற ஞாயிற்றுக்கிழமை ஜாசினிலிருந்து பஸ் ஏறி வந்து, தண்ணீர் கூடக் குடிக்காமல் கேட்டாள்:

"அக்கா, ரத்தம் குழாயில ஏற மாட்டேங்குது. நேரமாவுது. வாயால உறிஞ்சிடலாமா?"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சீனத்தி எட்டிப் பார்த்தாள். ராசம்மா போன பிறகும் நான் சமையலறையில் குழாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். "இதையெல்லாம் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பேன், ரசத்துக்கு ஏன் சொல்றே?" என்றார் அவர். எழுதுகிறேன்.

நான் அந்த வேலைக்கு வந்த கதை சிறியது. தோட்டத்துப் பள்ளிக்கூடம், பிறகு மலாக்கா டவுனில் அத்தை வீட்டில் தங்கி மிஷன் பள்ளிக்கூடம். பெண்பிள்ளை படித்து என்ன செய்யப் போகிறாள் என்று, தோட்டத்து ஆட்களின் வீட்டு வரிசையான லயத்தில் எல்லோரும் கேட்டார்கள். படித்து முடித்து வந்தபோது அதையே இன்னும் உரக்கக் கேட்டார்கள். அந்தச் சமயத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில், பெண்கள் ரத்தம் பார்க்க ஆண்களிடம் விரல் நீட்ட மறுக்கிறார்கள் என்று ஒரு பெண் துணையாளைத் தேடினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் அந்த வட்டாரத்தில் நான் ஒருத்திதான். போட்டியில் முதலாவதாக வந்தேன் என்று இன்றும் சொல்லிக்கொள்வேன்.

எனக்கு மேலதிகாரி, மருந்தும் கட்டும் பார்க்கும் டிரசர் சின்னத்தம்பி. யாழ்ப்பாணத்துக்காரர். பெரிய டாக்டர் மாதம் ஒரு முறை மலாக்காவிலிருந்து காரில் வந்து போவார். மற்ற நாட்களில் காய்ச்சல், பிரசவம், பாம்புக்கடி எல்லாம் டிரசர்தான். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய் இருக்கும். ரத்தத்தில் சிவப்புச் சத்து எவ்வளவு என்று பார்க்கும் குழாய். துடைப்பக் குச்சியின் கனம். உள்ளே ஒரு தையல் நூல் நுழையும் அளவுக்குத்தான் வழி. நடுவில் ஒரு கோடு. அந்தக் கோடு வரை ரத்தம் வேண்டும், ஒரு மயிரிழை கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

சாதாரணமாக அதன் பின்பக்கம் ஒரு ரப்பர் குழலை மாட்டி வாயால் மெல்ல உறிஞ்சுவார்கள். டிரசர் உறிஞ்ச விட மாட்டார். முதல் நாள் நான் குழலை வாய்க்குக் கொண்டுபோனபோது, "பிள்ளை, வாயை எடும்" என்றார்.

"உறிஞ்சாம எப்படி ஐயா ஏறும்?"

"குழாய்க்கு அவசரமில்லை. உமக்குத்தான் அவசரம். தொட்டுக்கொண்டு நில்லும்."

விரல் நுனியில் நின்ற ரத்தத்துளியில் குழாயின் வாயைத் தொட்டுப் படுக்கைவசமாகப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். யாரும் கூப்பிடாமல், யாரும் தள்ளாமல், ரத்தம் உள்ளே நடந்து போனது. கோட்டுக்கு வந்ததும் குழாயைத் துளியிலிருந்து எடுத்துவிட வேண்டும். நான் வாயைப் பிளந்து நின்றதில் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. மறுபடியும் கழுவினேன்.

ஏன் ஏறுகிறது என்பதை அவர் கேட்டால்தான் சொல்வார். நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். எந்தத் திரவமும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களின் கூட்டம். அந்தத் துகள்கள் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். கண்ணாடியின் துகள்களும் அவற்றை இழுக்கும். தண்ணீருக்குத் தன் கூட்டத்தைவிடச் சுத்தமான கண்ணாடி மேல் பிடிப்பு அதிகம். அதனால் ஓரத்தில் இருக்கும் துகள் கண்ணாடியைப் பற்றி ஒரு அடி முன்னே வைக்கும், பின்னால் இருப்பவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அகலமான குழாயில் இழுத்துத் தூக்க வேண்டிய பாரம் அதிகம், ஏற்றம் தெரியாது. வழி குறுகக் குறுக ஏற்றம் கூடும். விளக்குத் திரியில் மண்ணெண்ணெய் மேலே வருவதும், வாளியில் தொங்கிய சேலை முந்தானை முழங்கால் வரை நனைவதும் இதே சங்கதி. பாதரசம் மட்டும் வேறு குணம். அதற்குத் தன் கூட்டத்தின் மேல்தான் பிரியம், கண்ணாடிக் குழாயில் ஏறாமல் கீழே இறங்கி உட்காரும். இதை எனக்குக் காட்டுவதற்காக டிரசர் ஒரு தெர்மாமீட்டரை உடைத்தார் என்று நான் சொல்வேன். கை தவறி உடைத்துவிட்டு, வீணாகக் கூடாதே என்று பாடம் எடுத்தார் என்பதுதான் உண்மை.

குழாய் கழுவுவது ஒரு பூசை. முதலில் தண்ணீர், பிறகு ஸ்பிரிட், பிறகு ஈதர், பிறகு காற்று. உள்ளே ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்துவிடும், அழுக்கு இருந்தால் ஏறாது. கழுவிய குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். தப்பாக இருந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார், குழாயைத் திரும்ப என் கையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அவரிடம் ஒரு பாராட்டு வாங்க நான் பட்ட பாடு தனிக் கட்டுரைக்கு வரும்.

இப்போது காத்தாயியின் விஷயத்துக்கு வருகிறேன்.

ரப்பர் விலை சரிந்த காலம். தோட்டங்களில் ஆட்களைக் குறைத்து ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்திலும் துரை உத்தரவு போட்டார்: வேலைக்கு ஆகாதவர்களை அடுத்த கப்பலுக்கு அனுப்புங்கள். யார் ஆகாதவர் என்று சொல்லும் பொறுப்பு மாரிமுத்துக் கங்காணியிடம் வந்தது. அவர் கெட்டவர் என்று நான் எழுத மாட்டேன். ஆனால் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் எல்லோரும் வேலைக்கு ஆகாதவர்கள் என்ற எண்ணம் அவருக்கு உண்டு. காத்தாயி அவரைப் பார்த்து நிறையச் சிரித்திருந்தாள்.

காத்தாயி பால் வெட்டுகிறவள். முப்பது வயதிருக்கும். இடுப்புப் பிள்ளையாக நாகப்பட்டினத்தில் கப்பலேறியவள், அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு முகமும் தெரியாது. சில மாதங்களாக அவளால் தனக்கு ஒதுக்கிய மர நிரையை முடிக்க முடியவில்லை. பாதி மரத்தில் உட்கார்ந்துவிடுவாள். நெஞ்சு படபடக்கிறது, கண் இருட்டுகிறது என்பாள். சோம்பேறி என்றார் கங்காணி. டிரசருக்குச் சந்தேகம் கொக்கிப்புழு மேல். வெறுங்காலோடு நடக்கும்போது பாதத்தின் வழியே ஏறி, குடலில் தங்கி ரத்தத்தைக் குடிக்கிற புழு. அந்த மாதம் வந்த பெரிய டாக்டர் அவர் பக்கம் நின்றார். லயத்து ஆட்கள் எல்லோருக்கும் ரத்தம் பாருங்கள், சத்துக் குறைந்தவர்களுக்கு ஆஸ்பத்திரி, அவர்களைக் கப்பலேற்றக் கூடாது என்று துரையிடமே சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, காத்தாயிக்கு நோய் என்று குழாய் காட்டினால் அவள் இருப்பாள். காட்டாவிட்டால் கங்காணியின் வாக்கு, கப்பல்.

பெரட்டுக் களம் என்று நாங்கள் சொல்லும், காலையில் பேர் கூப்பிடும் மைதானத்தில் மேசை போட்டோம். புல் வெட்டுகிற பெண்கள் மத்தியானமே வந்துவிட்டார்கள். சேறு போகக் குழாயடியில் கை கால் கழுவிக்கொண்டு வந்தவர்கள். ஊசியால் குத்தினேன், முதல் துளியைத் துடைத்தேன், இரண்டாம் துளியில் குழாயைத் தொட்டேன். ஒவ்வொருத்தியின் ரத்தமும் சொன்னபடி ஏறியது. என் பெருமைக்கு அளவில்லை. பிறகு ஸ்டோரில் பாலை ஊற்றிவிட்டு, பால் வெட்டுகிறவர்கள் வந்தார்கள். காத்தாயி முதலில்.

"எம்புட்டு எடுப்பே பாப்பா? இருக்கறதே கொஞ்சம்."

"ஒரு துளிதான் அக்கா."

"ஒரு துளின்னுதான் கங்காணியும் சொல்வாரு. அப்புறம் ஆளையே உறிஞ்சிடுவாரு லா."

கூட்டம் சிரித்தது. கங்காணி சிரிக்கவில்லை. நான் விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் குத்தினேன். துளி வந்தது. குழாயைத் தொட்டேன். ரத்தம் வாசலில் நின்றது. உள்ளே வரவில்லை. வேறு குழாய் எடுத்தேன். அதிலும் வாசலிலேயே ஒரு குமிழாக நின்றது. காத்தாயி குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பாத்தீங்களாய்யா!" என்றார் கங்காணி. "பொய் சொல்றவ ரத்தத்தைக் கண்ணாடி கூட உள்ளே விடல!"

அடுத்து வந்த பால் வெட்டும் பெண்ணுக்கும் ஏறவில்லை. அதற்கடுத்தவளுக்குப் பாதியில் நின்றது. டிரசர் குழாய்களை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இண்டைக்குப் போதும்" என்று மேசையை மடக்கச் சொன்னார்.

கங்காணி வேடிக்கையாகச் சொன்னது இருட்டுவதற்குள் லயத்தில் சட்டமாகிவிட்டது. எங்கள் தோட்டத்தில் ஒருவர் பேச்சு மெய்யா பொய்யா என்று தெரிய வேண்டுமானால் முனியாண்டி கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். இனி அது எதற்கு, ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கம்பி இருக்கிறதே என்று பேச்சு. மறுநாள் காலை நான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த கையோடு ஒரு பெண் தன் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"பாப்பா, இந்த ஆளு நேத்து ஜாசின் பசாருக்கு எதுக்குப் போனான்னு கம்பிய வெச்சுக் கேளு."

புருஷன் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான்.

இதற்கு ஒரு முடிவு கட்டுவது படித்தவள் கடமை என்று எனக்குத் தோன்றியது. ஒரு குழாயை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்குப் போனேன். பெண்கள் குடத்தோடு சூழ்ந்து நின்றார்கள். "இதெல்லாம் மூடநம்பிக்கை. இதோ என் ரத்தம், நான் பொய்யே சொல்லாதவள், பாருங்கள்" என்று என் விரலைக் குத்தித் தொட்டேன்.

ஏறவில்லை.

குடங்கள் எல்லாம் தரையில் இறங்கின. "அடியாத்தி, படிச்ச பாப்பாவுக்கே ஏறல!" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி என் காதருகே குனிந்து, "என்ன பொய் சொன்னே பாப்பா? எங்ககிட்ட மட்டும் சொல்லு, வெளிய விட மாட்டோம் லா" என்றாள். அவள் கண்ணில் உண்மையான ஆசை தெரிந்தது.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடாத குறையாக நடந்தேன். வழக்கப்படி கார்பாலிக் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். கோபத்தில் இன்னொரு விரலைக் குத்திக் குழாயைத் தொட்டேன். ஏறியது! அதே ஆள், அதே ரத்தம், அதே கண்ணாடி. நடுவில் சோப்பு மட்டும்தான். அன்று காலை அம்மா என் தலையில் ஊற்றிய தேங்காய் எண்ணெய் நினைவுக்கு வந்தது. அம்மாவின் கணக்கில் சடை சொட்டினால்தான் எண்ணெய் வைத்ததாக அர்த்தம். சடை பின்னிய விரல்களைக் கழுவாமலே குழாயடிக்குப் போயிருக்கிறேன்.

அப்புறம் என்ன, பால் வெட்டுகிறவர்கள் கையில் காய்ந்து ஒட்டிய ரப்பர்ப் பாலை எப்படி எடுப்பார்கள்? தேங்காய் எண்ணெய் தேய்த்து உருட்டித்தான். எங்கள் அப்பா தினமும் செய்வதை நான் பார்த்து வளர்ந்தவள். நகக்கண்ணிலும் தோலின் வரியிலும் ஊறிய எண்ணெயை ஸ்பிரிட் பஞ்சின் ஒரு துடைப்பு அசைக்காது. குழாயின் வாய் விரலைத் தொட்டதும் எண்ணெய்தான் முந்திக்கொண்டு உள்ளே போய்க் கண்ணாடியை மூடிக்கொள்கிறது. ரத்தம் பற்றிக்கொள்ளக் கண்ணாடியே இல்லை. நிரூபிக்க வேண்டும் என்று எண்ணெய் தடவியும் கழுவியும் மாற்றி மாற்றிக் குத்திப் பார்த்ததில் அன்றைக்கு என்னால் சோற்றைப் பிசைய முடியவில்லை.

டிரசரிடம் சொன்னேன். என் விரல்களைப் பார்த்தார். "குழாயை இத்தனை தரம் கழுவிறன், விரலைக் கழுவ வேணும் எண்டு எனக்குத் தோணேல்லை. ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற ஆக்களைக் குளிக்க வார்த்துத்தான் கட்டிலுக்கு விடுறம். அதாலதான் இங்க பிழை வரேல்லை" என்றார். பிறகு, "நல்லாப் பாத்திருக்கிறீர்" என்றார். ஒரே ஒரு தடவை. நான் அதைக் கேட்காதது போல, "என்ன ஐயா?" என்றேன். அவர் திரும்பச் சொல்லவில்லை.

"இப்பவே போய் லயத்துல சொல்லிட்டு வரேன்."

"என்னெண்டு சொல்லுவீர்? உமக்கே ஏறேல்லை. தன்ர பொய்யை மறைக்க எண்ணெயில பழி போடுறாள் எண்டு சொல்லுவினம். பொய்யன் எண்டு ஒருத்தரும் சொல்லத் துணியாத ஆள் ஒருவருக்கு ஏறாமல் நிக்கோணும், பிள்ளை." இதைச் சொல்லிவிட்டு அவர் மருந்து கலக்கப் போய்விட்டார். மற்றது என் சொந்தச் சிந்தனை.

அன்று சாயங்காலம் காத்தாயி வீட்டுக்குப் போனேன். பலகையில் படுத்திருந்தாள். உதடு வெளுத்து, கீழ் இமையின் உட்பக்கம் சோற்றுக் கஞ்சி நிறத்தில் இருந்தது. மறுபடி ரத்தம் கொடுக்க வரச் சொன்னேன்.

"இன்னொரு தடவ ஊருக்கு முன்னால அசிங்கப்பட மாட்டேன். கப்பல்லயே ஏத்தட்டும்."

"அங்க போய் இறங்கினா யாரு வீட்டுக்குப் போவீங்க?"

கூரையைப் பார்த்தபடி மெல்லிய குரலில் சொன்னாள்: "கண்ணாடி சொன்னது நெசந்தான் பாப்பா. போன வருசம் வயித்துவலின்னு சொல்லிட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கூத்துப் பாக்கப் போனேன். கங்காணிக்கே தெரியாது. அது கண்ணாடிக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"

எண்ணெய் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "எண்ணெய்க்கும் ரத்தத்துக்கும் என்ன சண்டை?" என்றாள். என் முழுப் படிப்பும் அந்தக் கேள்வியில் வழுக்கி விழுந்தது.

"சரி அக்கா, கங்காணியே முதல்ல விரல் குடுத்தா வருவீங்களா?"

"அந்த ஆளா?" எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அந்த ஆளு ஊசிக்குக் கைய நீட்டட்டும், நான் கழுத்தையே நீட்டறேன்."

மறுநாள் காலை பேர் கூப்பிடும் நேரத்தில், எல்லோர் காதிலும் விழும்படி, மிகுந்த மரியாதையோடு கங்காணியிடம் கேட்டேன். "ஐயா, ஜனங்க பயப்படுறாங்க. உங்க ரத்தம் ஏறறதப் பாத்தா தைரியமா வருவாங்க. நீங்கதானே எதுலயும் முன்னால நிக்கறவரு?" முன்னால் நிற்பவர் எப்படி மாட்டேன் என்பார்? சம்மதித்தார்.

மத்தியானம் அவர் வந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளைக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, நெற்றியில் திருநீறு. மீசை விசேஷமாகத் தயாராகியிருந்தது. எண்ணெய் தடவி நீவி, இரண்டு முனையும் வானத்தைக் காட்டின. நடந்து வரும்போதே முறுக்கிக்கொண்டு வந்தார். உட்கார்ந்ததும் முறுக்கினார். காத்தாயி களத்து ஓரத்தில் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், தோழிகள் இருவர் தாங்கிக் கூட்டி வந்திருந்தார்கள்.

நான் செய்தது எல்லாம் முறைப்படிதான். விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். நான் ஊசியை எடுக்கத் திரும்பிய நேரத்தில் அவர் மறுபடி மீசையை முறுக்கிக்கொண்டார். அதைத் தடுக்கச் சொல்லி எந்த விதியும் எனக்குத் தெரியாது. மீண்டும் துடைத்திருக்கலாம்தான். ஆனால் காலம் மந்தமான காலம், பஞ்சைச் சிக்கனமாகச் செலவு செய்ய உத்தரவு.

குத்தினேன். கொழுத்த துளி வந்தது. குழாயைத் தொட்டேன்.

ரத்தம் வாசலில் நின்றது.

கங்காணி குனிந்து பார்த்தார். நான் வேறு குழாய் எடுத்தேன். அதுவும் நின்றது. அப்போது மரத்தடியிலிருந்து மெலிந்த குரல் ஒன்று வந்தது.

"என்ன பொய் சொன்னீங்க கங்காணி ஐயா? எங்ககிட்ட மட்டும் சொல்லுங்க."

களமே வெடித்துச் சிரித்தது. முந்தின நாள் புருஷனை இழுத்து வந்தவள் மண்ணில் உட்கார்ந்து சிரித்தாள். கங்காணி எழுந்துவிட்டார். "கண்ணாடி ஓட்டை! இது சரியில்லாத கண்ணாடி!"

டிரசர் அதுவரை கைகட்டி நின்றவர், ஒரு சந்தேகம் கேட்பது போலக் கேட்டார்: "அப்ப காத்தாயிக்கு ஏறாததும் கண்ணாடியின்ர பிழைதானோ, கங்காணியார்?"

கங்காணி வாயைத் திறந்தார். கண்ணாடி சரி என்றால் தான் பொய்யன். கண்ணாடி தப்பு என்றால் காத்தாயி பொய்க்காரி இல்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

"பிழை கண்ணாடியிலும் இல்லை, உங்களிலும் இல்லை" என்று டிரசர் மேசைக்கு அடியிலிருந்து தண்ணீர்ப் பேசினையும் சோப்பையும் எடுத்து வைத்தார். "மீசையில இருக்கு. கழுவிப்போட்டு வாங்கோ."

கங்காணி முழங்கை வரை கழுவினார். கையை என் மூக்குக்கு நேரே நீட்டி, "மோந்து பாரு பாப்பா, எண்ணெய் வாடை இருக்கா?" என்றார். குத்தினேன். ரத்தம் நிதானமாகக் கோடு வரை நடந்தது. அவர் விட்ட மூச்சில் மேசை மேலிருந்த பஞ்சு பறந்தது. அந்த நிமிஷத்திலிருந்து சோப்புக்கு அவரைவிடப் பெரிய பிரசாரகர் தோட்டத்தில் கிடையாது. "சோப்புப் போட்டுக் கழுவுங்கடி! நகத்துக்குள்ள தேய்ங்கடி! மீசைக்கே இந்தக் கதின்னா உங்க கை என்ன கதி!" என்று பேசின் பக்கத்திலேயே நின்று கத்தினார்.

காத்தாயி வந்தாள். பேசினில் கை கழுவவே இருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. விரலை நீட்டினாள், கழுத்தை நீட்டவில்லை என்பதை நான் நினைவுபடுத்தினேன். சிரித்தாள். குத்தினேன். குழாயைத் தொட்டேன்.

ரத்தம் ஓடியது.

தொட்ட கணமே பாய்ந்து கோட்டைத் தொட்டது. நான் தயாராக இல்லாவிட்டால் தாண்டியிருக்கும். பெண்கள் கைதட்டினார்கள். "கங்காணியோடது நடந்துச்சு, காத்தாயியோடது ஓடுது பாரு!" "சத்தியமான ரத்தம் டி!" காத்தாயி நிமிர்ந்து கங்காணியைப் பார்த்தாள். அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

நான் மட்டும் டிரசரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். நல்ல ரத்தம் அப்படி ஓடாது. சிவப்பணுக்கள் நெருக்கமாக இருந்தால் ரத்தம் கனக்கும், குறுகிய வழியில் உரசி உரசி மெதுவாகத்தான் போகும். ஓடுகிற ரத்தம் நீர்த்த ரத்தம். சுற்றிலும் கைதட்டல். குழாயில் இருந்ததோ வெற்றிலை எச்சிலைத் தண்ணீரில் கரைத்த நிறம்.

சின்னப் புட்டியில் இருந்த அமிலத்தில் அதைக் கலந்தேன். நல்ல ரத்தமானால் கறுத்த காப்பி போல ஆகும். பிறகு பக்கத்தில் இருக்கும் மாதிரிக் கண்ணாடியின் நிறம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். காத்தாயியின் ரத்தம் முதலிலேயே வெறும் தேநீர். சில சொட்டுகளிலேயே நிறம் ஒத்துப்போனது. டிரசர் அளவைப் படித்தார். "பிள்ளை, மாட்டு வண்டியைக் கூப்பிடும்" என்றார்.

"ஜெயிச்சவளை எதுக்குய்யா ஆஸ்பத்திரிக்கு?" என்று கங்காணி கேட்டார்.

"இண்டைக்கு வெண்டது ரத்தமில்லை, கங்காணியார். தண்ணி. இவள் இவ்வளவு நாளும் பால் வெட்டினதே பெரிய காரியம்."

கங்காணியே வண்டிக்காரனைத் தேடிக்கொண்டு போனார். வண்டியில் வைக்கோல் மேல் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி விரித்தார் என்று பிற்பாடு அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். நான் பார்த்தது ஒரு சாக்கு.

அந்த மாதக் கப்பல் காத்தாயி இல்லாமல் போனது. புழு மருந்து, பேதி மருந்து, இரும்புச் சத்து மருந்து என்று அவள் எங்கள் வார்டில் கிடந்தாள். முதல் சில நாள் பேசவே இல்லை, அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. பிறகு ஒரு நாள் கஞ்சியில் உப்பில்லை என்று சண்டை போட்டாள். டிரசர் அன்று சாயங்காலம் முணுமுணுத்துப் பாட்டுப் பாடியதை நான் கேட்டேன். அவள் நடமாடத் தொடங்கியதும் வார்டில் அமைதி போய்விட்டது. வருகிறவள் போகிறவளிடம் எல்லாம் தன் ரத்தம் ஓடிய கதையைச் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் அது இன்னும் வேகமாக ஓடும். லயத்திலிருந்து பெண்கள் வரிசையாகக் கை கழுவிக்கொண்டு ரத்தம் கொடுக்க வந்தார்கள். சத்து இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள் சிலர், யோக்கியதை நிரூபிக்க வந்தவர்கள் பலர். எதற்கு வந்தால் என்ன, விரல் வந்தது. நானும் விளக்கம் சொல்வதை நிறுத்தியிருந்தேன்.

சில மாதம் கழித்து, வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் காத்தாயிக்குக் கடைசியாக ஒரு தடவை ரத்தம் பார்த்தோம். வார்டில் இருந்த பெண்கள் எல்லோரையும் வேடிக்கை பார்க்க அவளே கூப்பிட்டு வைத்திருந்தாள். கன்னம் நிறைந்திருந்தது. நகம் சிவந்திருந்தது. சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். குத்தினேன். உருண்டு திரண்ட துளி. குழாயைத் தொட்டேன்.

ரத்தம் உள்ளே வந்தது. கொஞ்சம் நகர்ந்தது. யோசிப்பது போல நின்றது. மறுபடி நகர்ந்தது.

காத்தாயியின் முகம் விழுந்துவிட்டது. வேடிக்கை பார்த்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன பாப்பா, ஆடி அசைஞ்சு போவுது?" என்றாள். "இங்க வந்து நான் ஒரு பொய்யும் சொல்லலையே." குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் கோட்டுக்கு வரவில்லை. "அந்தக் கசப்பு மருந்து... குடிச்சேன்னு சொல்லிட்டுச் சன்னலுக்கு வெளிய ஊத்தினேன். ஒரே தடவைதான். ரெண்டு தடவை. அதுக்குப் போயி..."

டிரசர் எழுந்து, எந்தச் சன்னல் என்று கேட்டுக்கொண்டே போய் வெளியே எட்டிப் பார்த்தார். நான் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கறுத்துச் சிவந்த, கனமான ரத்தம். கோட்டுக்கு இன்னும் ஒரு நெல்லளவு தூரம் இருந்தது. அது தன் நடையில் வந்து சேரட்டும் என்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு, கை அசையாமல் காத்திருந்தேன்.